பழைய படப்பெட்டி கையில் கிடைத்தால்: டப்பாவைத் திறப்பது முதல் காப்பகத்தில் சேர்ப்பது வரை

தொலைந்துபோன படங்களைத் தேடிப் போகும் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பெட்டி கிடைத்த அன்றே ஓட்டிப் பார்த்துவிடத் துடிக்கிறார்கள். அறுபது எழுபது வருடம் பரணில் தாக்குப்பிடித்த ரீல் ஒன்று, புரொஜெக்டரில் மாட்டிய பத்தே நிமிடத்தில் ஓரத் துளைகள் மொத்தமும் கிழிந்து தரையில் குவிந்ததை நேரில் பார்த்தேன். ஓட்டியவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எதற்குப் பிறகு எது என்பது அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்த வரிசையைத்தான் கீழே தருகிறேன். எந்தப் படியையும் தாண்டிப் போகாதீர்கள்.

1. பிலிமைத் தேடும் முன் காகிதத்தைத் தேடுங்கள்

எந்தப் படத்தைத் தேடுகிறீர்களோ அதன் நீளம், ரீல் எண்ணிக்கை, பாடல் வரிசை மூன்றையும் முதலில் சேகரியுங்கள். இவை கையில் இல்லாமல் போனால், கிடைத்தது முழுப் படமா பாதிப் படமா என்றே சொல்ல முடியாது.

முதல் ஆதாரம் பாட்டுப் புத்தகம். காலணா அரையணாவுக்குத் தியேட்டர் வாசலில் விற்ற அந்தச் சிறு புத்தகங்களில் கதைச் சுருக்கமும், நடிகர் பட்டியலும், பாடல்கள் வரிசையாகவும் இருக்கும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இவை நிறைய இருக்கின்றன. இரண்டாவது தணிக்கை விவரம். எத்தனை அடி, எத்தனை ரீல், எங்கே வெட்டு என்பது அதில் கிடைக்கும். மத்திய அரசிதழில் இந்த விவரங்கள் அச்சாகி வந்தன, பழைய தொகுதிகளைப் பெரிய நூலகங்களில் பார்க்கலாம்.

ஒரு கணக்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 35 எம்.எம். பிலிமில் ஓர் அடிக்கு 16 ஃப்ரேம், நிமிடத்துக்கு 90 அடி. 18,000 அடிப் படம் என்றால் 3 மணி 20 நிமிடம். 16 எம்.எம். என்றால் நிமிடத்துக்கு 36 அடிதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கச்சா பிலிம் தட்டுப்பாட்டால் படங்களுக்கு 11,000 அடி என்று உச்சவரம்பு இருந்தது. அந்தக் காலத்துப் படம் இரண்டு மணி நேரத்தில் முடிந்தால், மீதி தொலைந்துவிட்டது என்று குறித்துவிடாதீர்கள். அது முழுப் படமாகவே இருக்கலாம்.

2. எங்கே தேடுவது, எப்படிக் கேட்பது

மூடிய தியேட்டர்களின் ஆபரேட்டர் அறை, பழைய விநியோகஸ்தர்களின் கிடங்கு, டென்ட் கொட்டகை நடத்தியவர்களின் வீட்டுப் பரண், ஊர் ஊராக 16 எம்.எம். படம் காட்டியவர்களின் குடும்பம் என்று தொடங்குங்கள். தமிழ்ப் படங்களின் பிரிண்டுகள் இலங்கைக்கும் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பர்மாவுக்கும் போயின. போன பெட்டிகள் எல்லாம் திரும்பி வந்துவிடவில்லை.

வெளிநாட்டில் தேடுவதை வீண்வேலை என்று நினைக்க வேண்டாம். 1919இல் கல்கத்தாவில் தயாரான 'பில்வமங்கள்' மௌனப் படத்தின் ஒரு பகுதி பாரிஸிலுள்ள திரைப்படக் காப்பகத்தில்தான் இருந்தது. அங்கிருந்துதான் புணேவுக்கு வந்தது.

கேட்கும் முறைதான் பாதி வேலை. "பழைய படம் இருக்கிறதா ஐயா?" என்று கேட்டால் "எல்லாம் போயாச்சு தம்பி" என்றுதான் பதில் வரும். "தகர டப்பா, சுருள், துண்டு பிலிம் ஏதாவது கிடக்கிறதா?" என்று கேளுங்கள். வீட்டுக்காரருக்கு அது படமாகத் தெரிவதில்லை, இடத்தை அடைக்கும் தகரமாகத்தான் தெரிகிறது. பழைய பிலிமை வெள்ளிக்காக எடைக்கு வாங்குபவர்கள் நம்மைவிட முந்திக்கொண்ட வீடுகள் ஏராளம். அதனால் முதல் சந்திப்பிலேயே ஒரு சொல் வாங்கிவிடுங்கள்: "விற்பதாக இருந்தால் முதலில் எனக்கு ஒரு போன் செய்யுங்கள்."

விலை பேசாதீர்கள். பிலிமுக்குப் பணம் உண்டு என்ற பேச்சு ஊரில் பரவினால் அடுத்த வீட்டுக் கதவு திறக்காது.

3. திறக்கும் முன் என்னென்ன வேண்டும்

வெள்ளைப் பருத்திக் கையுறை அல்லது நைட்ரைல் கையுறை, முகக்கவசம், சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி, கைவிளக்கு, உலோக அளவுகோல், பென்சில், நோட்டு, கைபேசிக் கேமரா. மேசைக்கு இரண்டு கை ரீவைண்டரும் (ரீலைக் கையால் சுற்றும் கருவி) ஒரு விளக்குப் பலகையும் வேண்டும். மூடிய தியேட்டர்களில் ரீவைண்டர் மலிவாகக் கிடைக்கும். மோட்டார் வைத்தது வேண்டாம். பலவீனமான இடம் வரும்போது கைதான் அதை உணரும், மோட்டார் இழுத்துக் கிழித்துவிடும்.

பேனாவும் வேண்டாம். மை ஒழுகி எமல்ஷனில், அதாவது பிலிமில் படம் பதிந்திருக்கும் பூச்சில், பட்டால் போகாது.

4. டப்பாவை இருக்கும் இடத்திலேயே படம் எடுங்கள்

பெட்டிகள் எந்த வரிசையில் அடுக்கியிருந்தனவோ அதே வரிசையில் புகைப்படம் எடுத்து எண் இடுங்கள். மூடியில் எழுதியது, ஒட்டிய சீட்டு, பெட்டிமேல் உள்ள விநியோகஸ்தர் முத்திரை, ரயில் பார்சல் சீட்டு எல்லாம் சாட்சிகள். துருப்பிடித்த டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டு ரீலை மட்டும் கொண்டுவந்தவர்கள், பிறகு எது எந்தப் படம் என்று தெரியாமல் மாதக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

மூடியில் உள்ள பெயரை நம்பவும் கூடாது. டப்பாக்கள் கைமாறிக்கொண்டே இருந்தவை. ஒரு படத்தின் பெயர் எழுதிய டப்பாவுக்குள் மூன்று படங்களின் துண்டுகள் இருப்பது சர்வ சாதாரணம்.

5. மூக்கைப் பயன்படுத்துங்கள்

சன்னலோரம் காற்றோட்டத்தில் வைத்து மூடியைத் திறங்கள். முகத்தை அருகில் கொண்டுபோக வேண்டாம், வாடை தானாக வரும்.

காடிபோல் புளித்த வாடை வந்தால் அது அசிட்டேட் பிலிம் சிதையத் தொடங்கியிருப்பதன் அடையாளம். இதை வினிகர் நோய் என்பார்கள். அந்த அமில ஆவியே சிதைவை மேலும் விரைவுபடுத்தும், பக்கத்து டப்பாவுக்கும் தொற்றும். ஆகவே அந்த ரீலை அப்போதே தனியே பிரித்து வையுங்கள்.

அழுக்குக் காலுறை மாதிரி மட்கிய வாடை, தேன்நிறம், பிசுபிசுப்பு, நுரை, பழுப்புப் பொடி இவற்றில் ஏதாவது இருந்தால், எளிதில் தீப்பற்றும் பழைய வகையான நைட்ரேட் பிலிம் என்று சந்தேகியுங்கள். உடனே மூடிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

6. எந்த வகை பிலிம் என்று கண்டுபிடியுங்கள்

பிலிமின் ஓரத்தில் ஆங்கிலத்தில் 'நைட்ரேட்' என்றோ 'சேஃப்டி' (எளிதில் தீப்பற்றாத அசிட்டேட், பாலியெஸ்டர் வகைகள்) என்றோ அச்சாகியிருக்கும். புதியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பாசிட்டிவ் பிரிண்டில், தெளிவான ஓரத்தில் கறுப்பு எழுத்தாக இருந்தால் அது அந்தப் பிலிமுக்கே உரியது. கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தாக இருந்தால் அது நெகட்டிவிலிருந்து பிரிண்டில் பதிந்து வந்தது. அந்தச் சொல் நெகட்டிவைக் குறிக்கிறதா, கையிலுள்ள பிரிண்டைக் குறிக்கிறதா என்பதை இந்த வேறுபாடுதான் சொல்லும். இரண்டும் தெரிந்தால் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கோடாக் பிலிமில் ஓரத்திலுள்ள வட்டம், சதுரம், முக்கோணக் குறிகள் பிலிம் தயாரான வருடத்தைச் சொல்லும். ஆனால் அவை 20 வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வருபவை. ஒரே குறி 1936ஐயும் 1956ஐயும் காட்டும். அதோடு, அது பிலிம் தயாரான வருடம்தான், படம் வெளியான வருடம் ஆகாது. 1940இல் வந்த படத்துக்கு 1956இல் பிரிண்ட் போட்டிருக்கலாம்.

ஓர எழுத்தே இல்லாவிட்டால், 1950களின் தொடக்கத்துக்கு முந்தைய 35 எம்.எம். எதையும் நைட்ரேட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிய சுருளைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஒளி ஊடுருவித் தெரிகிறதா? அப்படியானால் பாலியெஸ்டர், பிற்காலத்தது. ஒரு துண்டை வெட்டித் தீக்குச்சியில் கொளுத்திப் பார்க்கும் பழைய வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. ஒருபோதும் செய்யாதீர்கள்.

7. நைட்ரேட் என்றால் உங்கள் வேலை அங்கேயே முடிந்தது

நைட்ரேட்டுக்கு எரிய வெளிக்காற்று தேவையில்லை. அது எரியும்போது தானே ஆக்ஸிஜனை வெளியிடும். தண்ணீருக்குள்ளும் எரியும், மணலாலும் அணையாது. நன்றாகச் சிதைந்த நைட்ரேட் 41 டிகிரி செல்சியஸ் அளவில் தொடர்ந்து இருந்தால் தானாகவே பற்றக்கூடும். வேலூர், திருத்தணி பக்கம் மே மாதத்தில் ஓட்டுவீட்டுப் பரண் எவ்வளவு சூடாகும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

ரீவைண்ட் செய்யாதீர்கள். காற்றுப் புகாதபடி டேப் போட்டு அடைக்காதீர்கள். பஸ்ஸிலோ ரயிலிலோ கூரியரிலோ அனுப்பாதீர்கள். குளிர்ந்த, காற்றோட்டமான, ஆள் படுக்காத இடத்தில் தனியே வைத்துவிட்டு, புணேவிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் புகைப்படங்களோடு எழுதுங்கள். 1964இல் தொடங்கிய அந்தக் காப்பகம் 2022 முதல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்குகிறது. 2003இல் புணேவிலேயே தீப்பிடித்து நைட்ரேட் பிலிம்கள் பெருமளவில் அழிந்தன. பயிற்சி பெற்றவர்கள் இருக்கும் இடத்திலேயே அப்படி நடக்கும்போது, வீட்டில் வைத்துக்கொண்டு துணிச்சல் காட்டுவதில் அர்த்தமில்லை.

8. மேசையில் ரீல் ரீலாக ஆய்வு

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். சேஃப்டி பிலிம் என்று உறுதியான பிறகே தொடங்குங்கள். ஒரு நாளில் மூன்று ரீலுக்கு மேல் பார்க்காதீர்கள். கண் களைத்தால் கை அவசரப்படும்.

முதலில் விட்டம். 2 அங்குல கோரில் (சுருளின் நடுவிலுள்ள வளையம்) சுற்றிய 1,000 அடி ரீல் ஏறக்குறைய 25 செ.மீ. விட்டம் இருக்கும். 18 செ.மீ. இருந்தால் "கொஞ்சம் குறைகிறது" என்று எழுதுகிறார்கள். உண்மையில் பாதிப் பிலிம் போய்விட்டது. வட்டத்தின் வெளிச் சுற்றுகளில்தான் நீளம் அதிகம் அடங்கும்.

பிறகு சுருக்கம். பிலிம் வருடக்கணக்கில் உலர்ந்து சுருங்கும். சுருங்கினால் ஓரத் துளையும் இயந்திரத்தின் பல்லும் பொருந்தாது, கிழியும். புது பாசிட்டிவ் பிலிமில் ஒரு ஃப்ரேம் 19 மி.மீ. என்பதால் 50 ஃப்ரேம் 950 மி.மீ. வர வேண்டும். ரீலின் தொடக்கம், நடு, கடைசி மூன்று இடத்திலும் 50 ஃப்ரேம் எண்ணி, இழுக்காமல் பரப்பி அளந்து பாருங்கள். 9.5 மி.மீ. குறைந்தால் 1 சதவீதச் சுருக்கம். அதற்கு அருகில் வந்துவிட்டாலே அந்த ரீல் புரொஜெக்டர் பக்கம் போகக் கூடாது. சிறப்பு ஸ்கேனர்தான் வழி.

அடுத்து கை ரீவைண்டரில் மெதுவாகச் சுற்றியபடி நோட்டில் எழுதுங்கள். முதல் ஃப்ரேமில் என்ன, கடைசி ஃப்ரேமில் என்ன, எத்தனை ஜாயின்ட், எங்கே துளை கிழிசல், எங்கே கீறல், பூஞ்சை எங்கே, ஒலிப்பட்டை எந்த வகை. தணிக்கைச் சான்றிதழ் ஃப்ரேம் இருந்தால் அதைத் தெளிவாகப் படம் எடுங்கள். சான்றிதழின் கீழே இடப்பக்கம் முக்கோணக் குறி இருந்தால் படத்தில் வெட்டு விழுந்திருக்கிறது என்று பொருள். காணாமல்போன காட்சி திருடுபோனதா, தணிக்கையில் போனதா என்ற கேள்விக்கு அந்தச் சிறு முக்கோணம் பதில் சொல்லும்.

ரீலின் தலையும் வாலும்தான் அதிகம் தேயும். ஒவ்வொரு ரீல் மாற்றத்திலும் சில அடிகள் போயிருக்கும். பாட்டுக் காட்சிகளைத் தனியே வெட்டி எடுத்துவைக்கும் வழக்கமும் இருந்தது. ஆகவே பெட்டிக்குள் ஓரமாகச் சுருண்டு கிடக்கும் சிறு துண்டுகளை முழு ரீலுக்குச் சமமாக மதியுங்கள். காணாமல்போன பாட்டு அதில் இருக்கலாம்.

இன்னொன்று, என் மனம் இன்றும் ஆறாதது. ஒரு கிடங்கில் "இதில் படமே இல்லை, வெறும் கோடுதான், வீணாய்ப்போன பிலிம்" என்று பதினான்கு டப்பாக்களைக் காயலான்கடைக்குப் போட்டுவிட்டார்கள். அது சவுண்ட் நெகட்டிவ். படத்தின் மொத்த வசனமும் பாட்டும் அதில்தான் இருந்தன. பட நெகட்டிவும் ஒலி நெகட்டிவும் தனித்தனிச் சுருளாகத்தான் இருக்கும். கோடு மட்டும் தெரிந்தால் பத்திரப்படுத்துங்கள்.

9. பழுதுபார்ப்பதில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

துருப்பிடித்த டப்பாவை மாற்றலாம். தலையிலும் வாலிலும் புது லீடர் (படமில்லாத வெற்றுப் பிலிம்) சேர்க்கலாம். பிரிந்துபோன ஜாயின்டை, பிலிமுக்கென்றே துளையிட்டு வரும் டேப்பால் ஒட்டலாம். கடையில் கிடைக்கும் செல்லோடேப் கூடவே கூடாது. அதன் பசை ஒழுகி அடுத்த சுற்றையும் சேர்த்து ஒட்டிவிடும்.

தண்ணீர், சோப்பு, ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் படக் கூடாது. எமல்ஷன் ஜெலட்டினால் ஆனது, ஈரம் பட்டால் ஊறிக் கரையும். பூஞ்சையைத் துடைத்தால் படமும் சேர்ந்து வரும். ஒட்டிக்கொண்ட சுற்றுகளைப் பிரித்து இழுக்காதீர்கள், அதைச் செய்யத் தெரிந்த ஆய்வகங்கள் இருக்கின்றன.

கெட்டுப்போனது என்று எதையும் எறியவும் வேண்டாம். 'பதேர் பாஞ்சாலி'யின் மூல நெகட்டிவ் 1993இல் லண்டன் ஆய்வகத் தீயில் கருகியது. எந்த இயந்திரத்திலும் ஓடாது என்று ஒதுங்கிக் கிடந்த அந்தச் சுருள்களைப் பின்னாளில் இத்தாலியின் போலோக்னா நகர ஆய்வகத்தில் ஊறவைத்து, கையால் பழுதுபார்த்து, பெரும்பகுதியை மீட்டார்கள். 2015இல் அது மறுபடி திரைக்கு வந்தது. யாரோ ஒருவர் அந்தக் கருகிய பிலிமைக் குப்பையில் போடாமல் இருந்ததால் நடந்தது இது.

10. காத்திருக்கும் மாதங்களில் எங்கே வைப்பது

காப்பகத்திலிருந்து பதில் வந்து, பெட்டி போய்ச் சேர மாதங்கள் ஆகும். கெடுதல் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறையும் பரணும் வேண்டாம். வெயில் நேராக இறங்காத கீழ்த்தள அறை நல்லது. தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். டப்பாவைப் படுக்கைவாட்டில் அடுக்குங்கள், நிறுத்தி வைத்தால் சுருள் தன் பாரத்தால் கோணும். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். கடற்கரை ஊர்களில் இது கடினம், ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்று வேண்டியிருக்கும்.

பகலில் மட்டும் ஏசி போட்டு இரவில் அணைப்பது நல்லதைவிடக் கெடுதலே அதிகம் செய்யும். குளிர்ச்சியும் வெக்கையும் மாறி மாறி வரும்போது பிலிமில் நீர் கோக்கும். கொஞ்சம் வெப்பமாக இருந்தாலும் ஒரே சீராக இருப்பது மேல். அதே காரணத்தால் வீட்டு ஃபிரிட்ஜும் வேண்டாம். அந்துருண்டை, கற்பூரம், வேப்பிலை எதையும் டப்பாவுக்குள் போடாதீர்கள்.

காடி வாடை உள்ள ரீல்களை மற்றவற்றோடு வைக்காமல் காற்றோட்டமான பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள். எது அவசரம் என்று முடிவுசெய்ய அமிலம் காட்டும் காகிதப்பட்டைகள் கிடைக்கின்றன. ஒரு பட்டையை டப்பாவுக்குள் போட்டு ஒரு நாள் மூடி வைத்தால், நீலம் பச்சையாகி மஞ்சளாக மாறும் அளவை வைத்துச் சிதைவைக் கணிக்கலாம். மஞ்சளைத் தொட்டவை முதலில் ஸ்கேன் ஆக வேண்டும்.

11. ஒப்படைப்பும் உரிமையும்

பிலிம் யாருடையது என்பது ஒன்று, படம் யாருடையது என்பது வேறு. பெட்டி உங்கள் கையில் இருப்பதால் படத்தை வெளியிடும் உரிமை வந்துவிடாது. நம் ஊரில் நெகட்டிவ் உரிமை பலமுறை விற்று, அடகு வைத்து, பங்கு பிரிந்து போயிருக்கும்.

இந்தியச் சட்டப்படி திரைப்படத்துக்கான பதிப்புரிமை, வெளியான வருடத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு. 1960இல் வந்த படம் 2021 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. ஆனால் பாடல் வரிக்கும் இசைக்கும் தனிக் கணக்கு உண்டு, அது படைத்தவரின் வாழ்நாளுக்குப் பின் 60 ஆண்டு. படம் பொதுவுக்கு வந்தாலும் பாட்டு வராமல் இருக்கலாம்.

புணே காப்பகம், 2014இல் மும்பையில் தொடங்கிய ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் ஆகிய இரண்டிடமும் கேட்டுப் பாருங்கள். கொடுக்கும்போது இது வைப்பா, நன்கொடையா என்று எழுத்தில் தெளிவாக்குங்கள். ரீல் ரீலாக உங்கள் நோட்டின் நகலை இணைத்து ஒப்புகை வாங்குங்கள். வீட்டுக்காரருக்கும் ஒரு நகல் கொடுங்கள். பெட்டியைக் கொடுத்தவர் பெயரை மறந்துவிடும் தேடல்காரருக்கு இரண்டாவது பெட்டி கிடைக்காது.

12. ஸ்கேன் செய்யும்போது கேட்க வேண்டியவை

ஸ்கேன் செலவை நீங்களோ ஊர்க்காரர்களோ ஏற்கிறீர்கள் என்றால், கிடைப்பதை வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஃப்ரேம் முழுவதும், ஒலிப்பட்டையும் துளைகளும் தெரியுமளவுக்கு ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கீறல் அதிகம் என்றால் திரவத்தில் மூழ்கியபடி ஓடும் ஸ்கேனர் இருக்கிறதா என்று கேளுங்கள். திரவம் கீறலை நிரப்பிவிடுவதால் கோடுகள் பெருமளவு மறையும்.

18,000 அடிப் படத்தில் 2,88,000 ஃப்ரேம்கள். 4கே அளவில் ஃப்ரேமுக்கு ஏறத்தாழ 50 எம்.பி. என்றால் மொத்தம் 14 டெராபைட்டைத் தாண்டும். 2கே என்றால் அதில் கால்பங்கு. கையில் ஒரு டிவிடி கொடுத்து "முடிந்தது" என்று சொன்னால் ஏற்காதீர்கள். அது பார்ப்பதற்கான நகல், பாதுகாப்பு நகல் ஆகாது. கைவைக்காத மூல ஸ்கேன் கோப்புகளைக் கேட்டு வாங்கி, மூன்று பிரதிகளாக, ஒன்றையாவது வேறு ஊரில் வையுங்கள்.

சுத்தப்படுத்தல், வண்ணத் திருத்தம் எல்லாம் மூலக் கோப்பின் நகலில்தான். பிலிமின் மணல்மணலான தன்மையை அழித்து முகங்களை மெழுகாக்குவதும், கறுப்பு வெள்ளைக்கு வண்ணம் பூசுவதும் மீட்பு ஆகாது என்பது என் உறுதியான கருத்து. ஈஸ்ட்மன் கலர் பிரிண்ட் சிவப்பாக வெளுத்திருந்தால் நிறத்தை ஈடுகட்டலாம். அப்போதும் எவ்வளவு மாற்றினோம் என்று எழுதி வையுங்கள்.

13. ஓட்டைகளை அடைத்தல்

இப்போது முதல் படியில் சேர்த்த காகிதங்களை எடுங்கள். பாட்டுப் புத்தக வரிசையையும் ரீல் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது இல்லை என்று தெரியும். இல்லாத காட்சிக்கு 16 எம்.எம். பிரதி, தொலைக்காட்சிக்குப் போன டேப், பழைய வீடியோ கேசட் என்று தேடுங்கள். தரம் குறைந்தாலும் காட்சி காட்சிதான். எந்த இடம் எதிலிருந்து வந்தது என்பதை மட்டும் மறைக்காதீர்கள்.

கிராமபோன் தட்டில் பாட்டு கிடைத்தால் அதைப் படத்தின் ஒலிமேல் ஒட்டிவிடும் ஆசை வரும். பொறுங்கள். அந்தக் காலத்தில் தட்டுக்கென்றே பல பாடல்களைத் தனியாகப் பாடிப் பதிந்தார்கள், ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம்தான் இடம். படத்தில் உள்ள சரணம் தட்டில் இருக்காது, உதடும் ஒத்துப்போகாது. படத்தின் ஒலி எவ்வளவு கரகரத்தாலும் அதையே வைத்துக்கொண்டு, தட்டைத் தனிக் கோப்பாகச் சேர்த்து வையுங்கள்.

கிடைக்காத பகுதிக்கு, கதைச் சுருக்கத்தின் வரிகளையும் நிழற்படங்களையும் வைத்து இடைவெளி விடுங்கள். 1931இன் 'காளிதாஸ்' போன்ற படங்களுக்கு இன்று ஓட ஒரு பிரிண்டும் இல்லை. நாளை ஏதாவது ஒரு வீட்டில் முப்பது அடித் துண்டு அகப்பட்டால், அது எந்த இடத்தில் போய் உட்கார வேண்டும் என்பதை அந்த இடைவெளிதான் காட்டும்.